தரங்கம்பாடியின் முதல் தமிழ்க் குருவானவர்: நம் சபைப் பலகையில் ஆரோன் ஐயருக்கு இடம் எங்கே?

பெர்ஜுந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள ஒரு சிறிய லுத்தரன் சபையின் செயலாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் எங்களுக்கு நிறைவான ஆராதனை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைய சபையார். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிப் பல குடும்பங்கள் ஷா ஆலாமுக்கும் ரவாங்கிற்கும் போய்விட்ட பிறகும், ஆலயத்தை விட்டுவிடக்கூடாது என்று மாதத்தில் ஒருமுறையாவது வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆலய முன்மண்டபத்தில் சபை வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்றை வைக்கச் சபை மன்றம் முடிவு செய்து, வரைவு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயரில் தொடங்கி, சுவீடன் திருச்சபையார் செய்த உதவி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம், 1963இல் நம் திருச்சபை தன்னாட்சி பெற்றது, கடைசியாக எங்கள் ஊர் ஆலயம் என்று எழுதியிருந்தேன். அதைச் சபையில் வாசித்துக் காட்டியபோது, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, "எல்லாஞ் சரிப்பா, இதுல நம்ம ஆளு ஒருத்தரும் இல்லையே" என்றார். மன்றத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பது ஒரு வாரமாக மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதல் தமிழ்க் குருவானவர் ஆரோன் என்பவர் என்று மட்டும் எங்கோ படித்த நினைவு. அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதினால், பலகைக்கு மூன்று நான்கு வரிகளாவது சரியாக எழுத முடியும்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பி, அந்தப் பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தமிழ்ப் புராட்டஸ்டண்டுச் சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

ஆரோன் கடலூரில் ஒரு சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். பதினேழாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறந்தவராதலால், சீகன்பால்கு தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கியபோது இவர் சிறுவன். கடலூர் அப்போது ஆங்கிலேயரின் கையில் இருந்தது. அங்கே தரங்கம்பாடி மிஷனார் தொடங்கிய பள்ளியின் வழியாகத்தான் ஆறுமுகத்துக்குக் கிறிஸ்தவ போதனை அறிமுகமாயிற்று. 1718இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஆரோன் என்று பெயரிட்டார். புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், நாற்பது வயதுகூட நிறையாத நிலையில், சீகன்பால்கு இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஞானஸ்நானம் கொடுத்தவர் போனபின்பும் ஆரோன் ஊழியத்தை விடவில்லை. உபதேசியாராகத் தரங்கம்பாடியிலும் தஞ்சை நாட்டுக் கிராமங்களிலும் உழைத்தார். உபதேசியார் போதிக்கலாம், ஜெபம் நடத்தலாம், ஞானஸ்நானத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தலாம். இராப்போஜனம், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து, பரிமாறும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த ஒரு துண்டு நிலம். அதன் எல்லையைத் தாண்டினால் மராத்திய மன்னர்களின் தஞ்சை அரசு. ஐரோப்பிய மிஷனரிகள் அதற்குள் விருப்பம்போல நடமாட முடியாது. ஆனால் 1720களின் இறுதியில் சபை வளர்ந்துகொண்டிருந்தது அந்த எல்லைக்கு அப்பால், மாயவரம், கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர்களில். வெள்ளைக்காரக் குருவானவர் அங்கே போக முடியாது; அங்கே போகக்கூடிய தமிழருக்குக் குருப்பட்டம் இல்லை. திருவிருந்தில் பங்குபெற விரும்பிய ஏழை விவசாயிகள் வேலையை விட்டுவிட்டு, கூலியை இழந்து, தரங்கம்பாடிக்கு நடந்து வர வேண்டியிருந்தது.

ஆகவே தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று மிஷனரிகள் முடிவெடுத்தார்கள். 1733 டிசம்பர் 28 அன்று, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்றாம் நாள், சீகன்பால்குவின் கல்லறை இருக்கும் அதே புதிய எருசலேம் ஆலயத்தில் ஆரோன் குருவானவரானார். இந்தியரில் புராட்டஸ்டண்டுக் குருப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். ஞானஸ்நானம் பெற்று அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் மாயவரம் வட்டாரச் சபைகளுக்கு ஊழியம் செய்து, 1745இல் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோதே, 1741இல், தியோகு என்ற இரண்டாவது தமிழருக்கும் குருப்பட்டம் கிடைத்தது.

இவரைப் பலகையில் எழுதுங்கள். முதல் வரியிலேயே எழுதினாலும் தவறில்லை.

---

கிள்ளான் சபையார் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் பதிவுக்கு நன்றி. முதல் வரியைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். டேனிய ஆளுநரின் பகையால் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தவர். ஆறுமுகத்தின் தலையில் தண்ணீர் ஊற்றிய கையும் அவருடையதே. ஆரோனைச் சேர்ப்பது கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் சீகன்பால்குவைக் கீழே இறக்கித்தான் அவரை ஏற்ற வேண்டும் என்பதில்லை.

---

உபதேசியார் பேரன் எழுதியது:

ஆசிரியை அம்மா "இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்" என்று எழுதிய வரியைப் படித்தபின் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அவர் தரங்கம்பாடிக்குச் சொன்னது எங்கள் குடும்பத்தின் கதை.

என் தாத்தா சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். தோட்டத்தில் அவருக்கு மற்றவர்களைப் போலவே வேலை: விடியுமுன் பெரட்டுக்களத்தில் (வேலையாட்கள் கூடும் இடத்தில்) பெயர் கொடுத்துவிட்டு, தம் நிரையில் மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். குளித்து, வெள்ளை வேட்டியும் சட்டையும் அணிந்து, வேதாகமத்தையும் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, சைக்கிளின் பின்கேரியரில் ரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார். ஒரு தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில்) ஜெபக்கூட்டம், அடுத்ததில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாயை விரித்துக் கூட்டம். அந்தப் பெட்டி இன்று என்னிடம் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் எந்த வீட்டில் யார் நோயாளி, எந்தப் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பாலின் வாடை இன்னும் அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

குருவானவர் பட்டணத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெள்ளைத் துண்டில் சுற்றிய கிண்ணத்தை அவர் வெளியே எடுக்கும்போது தாத்தா எழுந்து நின்று தலை குனிவார் என்று என் தந்தை சொல்வார். ஒரு மழைக்காலத்தில், ஆறு பெருகிப் பாதை மூழ்கியிருந்த நேரம், சாகும் தறுவாயில் இருந்த ஓர் அம்மாள் இராப்போஜனம் கேட்டார். குருவானவரால் வர முடியவில்லை. தாத்தா இரவு முழுதும் அவர் பக்கத்தில் அமர்ந்து இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, கொடுக்கவும் இல்லை. அம்மாள் விடியற்காலையில் இறந்தார். குருவானவர் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அடக்கத்தைத் தாத்தாவே நடத்தி முடித்திருந்தார். அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் அடைத்துவிடும்.

அவருக்கு ஏன் குருப்பட்டம் கொடுக்கவில்லை என்று வீட்டில் யாரும் உரக்கக் கேட்டதில்லை.

---

சித்தியவான் வாசகர் எழுதியது:

ஐயா, உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்தபின் நான் எழுதத் தயங்கியிருந்ததை எழுதிவிடுகிறேன். ஆரோனைப் பற்றிப் பேசும்போது, இராஜநாயக்கன் என்ற பெயரைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

இராஜநாயக்கன் தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக (சிறு படைத்தலைவராக) இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷங்கள் கைக்குக் கிடைக்க, அவற்றைப் படித்துத் தாமே தேடி வந்து லுத்தரன் சபையில் சேர்ந்தவர். படைவேலையைத் துறந்து உபதேசியாரானார். ஐரோப்பியர் கால்வைக்க முடியாத தஞ்சை நாட்டில் சபைகள் எழும்பியதில் அவருடைய பங்கு பெரியது. அதற்காக அடியும் பகையும் பட்டவர். ஊழியத்தின் பலனை மட்டும் அளவாக வைத்திருந்தால் குருப்பட்டத்துக்கு அவரைவிடத் தகுந்தவரைக் காட்டுவது கடினம்.

ஆனால் அவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்த காலம் அது. அவர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தில் மிஷனரிகள் அவரைத் தவிர்த்தார்கள். 1733இல் ஆரோன், 1741இல் தியோகு. இராஜநாயக்கன் இரண்டு முறையும் உபதேசியாராகவே நின்றார். 1771இல் இறக்கும்வரை அந்த நிலை மாறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் சபையைக் கட்டினார்; அந்தச் சபையின் பலிபீடத்தருகே நிற்க அவருக்கு இடம் தரப்படவில்லை. பைபிளை மொழிபெயர்க்கவும் அச்சிடவும் துணிந்தவர்களுக்கு இதில் துணிவு வரவில்லை என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

---

பெர்ஜுந்தைவாசி எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மன்றக் கூட்டத்தில் இவற்றை வாசித்தேன். ஆரோன் ஐயரின் பெயரைச் சேர்ப்பதற்கு ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். இராஜநாயக்கனைப் பற்றி வாசித்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர், "தோட்டத்தில் நாம் இதையெல்லாம் மறந்துவிட்டு ஒன்றாக வாழக் கற்றுக்கொண்டோம், பிள்ளைகள் கேட்காத கேள்வியைச் சுவரில் எழுதி வைப்பானேன்?" என்றார். அவர் நல்ல மனிதர். சபைக்காகத் தம் சேமிப்பையே கொடுத்தவர். அவருக்குத் தக்க மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பி, நான் என் முதல் பதிவில் ஆரோனின் குடும்பத்தைச் சொன்னேன், இராஜநாயக்கனைச் சொல்லவில்லை. சித்தியவான் நண்பர் அந்தக் குறையைத் தீர்த்தது சரி. அவருக்கு என் நன்றி.

அந்த மூத்தவரிடம் இரண்டு செய்திகளை எடுத்துச் சொல்லுங்கள். ஒன்று, இராஜநாயக்கனை எழுதுவதால் ஆரோன் சிறுத்துவிடமாட்டார். தெரிவு செய்தவர்கள் மிஷனரிகள். ஆரோன் மாயவரம் பக்கத்தில் வெயிலிலும் சேற்றிலும் நடந்து செய்த ஊழியம் அவருடைய சொந்த உழைப்பு. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. இரண்டு, இந்தத் தயக்கம் ஒரு தலைமுறையோடு போய்விடவில்லை. தமிழருக்குக் குருப்பட்டம் 1733இல் கிடைத்தது; ஆனால் பொறுப்பை முழுதாக ஒப்படைக்க வெள்ளையர் மனம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தபின்பும் முதல் மூன்று பேராயர்கள் சுவீடன் நாட்டவர். இராஜா மாணிக்கம் தமிழராக அந்த ஆசனத்தில் அமர்ந்தது 1956இல். ஆரோனின் குருப்பட்டத்திலிருந்து எண்ணினால் இருநூற்று இருபத்து மூன்று ஆண்டுகள். ஆங்கிலிக்கன் சபையில் இது சற்று முன்னதாக நடந்தது: வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். நம் நாட்டில் ஜான் சவரிமுத்து மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் பேராயரானது 1973இல்.

"நம்பி ஒப்படைக்கலாமா" என்ற கேள்விக்கு மேலே இருந்தவர்கள் சாதியையும் நிறத்தையும் வைத்தே நெடுங்காலம் விடை சொல்லிவந்தார்கள். உபதேசியார் பேரனின் தாத்தா அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மழை இரவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சபை எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே உபதேசியார் இருந்தார். அதிகாரம் மட்டும் எப்போதும் பட்டணத்தில் இருந்தது.

---

கிள்ளான் சபையார் எழுதியது:

மூத்த உறுப்பினரின் மனநிலை எனக்குப் புரிகிறது. எங்கள் தோட்டத்தில் கீழ் லயம், மேல் லயம் என்று தண்ணீர்க் குழாய்வரை பிரிந்திருந்ததை என் தாயார் சொல்லியிருக்கிறார். மறந்துவிட்டோம் என்று சொல்வதும் அதைக் கடந்து வந்ததன் ஓர் அடையாளம்தான். ஆயினும் இராஜநாயக்கனின் பெயரை விட்டுவிட்டு ஆரோனின் பெயரை மட்டும் எழுதினால், 1733இல் செய்த தெரிவை நாமும் இன்னொரு முறை செய்தவர்கள் ஆவோம். முன்பு சீகன்பால்குவின் இடத்துக்காக வாதாடினேன். இப்போது இந்தப் பெயருக்காகவும் வாதாடுகிறேன்.

---

உபதேசியார் பேரன் எழுதியது:

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இராஜநாயக்கனைப் பற்றி எழுதும்போது இரக்கப்படும் தொனி வேண்டாம். என் தாத்தாவைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தன் வேலையைத் தெரிந்து செய்தவர் அவர். எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், யாருக்குக் கடன், யார் கள்ளுக்கடையை விட்டு மீண்டவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குருவானவர் வந்தால் முதலில் அவரிடம்தான் கேட்பார். என்ன செய்தார் என்று எழுதுங்கள். என்ன மறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். அது போதும்.

---

பெர்ஜுந்தைவாசி எழுதியது:

இரண்டாவது மன்றக் கூட்டம் முடிந்தது. மூத்த உறுப்பினரே எழுந்து, "தண்ணீர்க் குழாய் பிரிந்திருந்தது உண்மைதான், எழுதுங்கள்" என்றார். பலகைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வாசகம் இது:

"1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, தமிழில் போதித்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கடலூரில் பிறந்த ஆரோன் ஐயர் 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ்க் குருவானவராக மாயவரம் வட்டாரச் சபைகளுக்கு 1745இல் இறக்கும்வரை ஊழியம் செய்தார். தஞ்சை நாட்டுச் சபைகளைக் கட்டிய இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராக உழைத்தார். சாதியின் காரணமாக அவருக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. அவர்களுக்குப் பின் கடல் கடந்து வந்து, இந்த ஆற்றங்கரைத் தோட்டங்களில் மரம் சீவிக்கொண்டே சபையை மேய்த்த உபதேசியார்கள்:"

அந்த முக்காற்புள்ளிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. கேள்வி கேட்ட பாட்டியிடம் உங்கள் பதிவுகளை வாசித்துக் காட்டினேன். தகரப் பெட்டி, சைக்கிள், ரப்பர்ப் பட்டை என்ற இடத்தில் என்னை நிறுத்தி, "அந்த ஐயாவை எனக்குத் தெரியும், என் தங்கச்சிய ஞானஸ்நானத்துக்குத் தயார் பண்ணினவர் அவருதான்" என்றார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். உபதேசியார் பேரன் அவர்களே, உங்கள் தாத்தாவின் முழுப்பெயரைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? எழுத்து வரைபவர் சனிக்கிழமை காலையில் வருகிறார்.

---

உபதேசியார் பேரன் எழுதியது:

அனுப்பிவிட்டேன். பெட்டி மூடியின் உட்புறத்தைப் படமெடுத்தும் இணைத்திருக்கிறேன். பாட்டியின் தங்கையின் பெயர் அதில் இருக்கிறதா என்று அவரிடம் காட்டிக் கேளுங்கள். தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். தம் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.